ஞாயிற்றுக்கிழமைக்கு என்ன படம்? தையல் கடையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில், எம்.சி. ரோட்டிலிருந்து பிரியும் சந்து ஒன்றில் தையல் கடை வைத்திருக்கிறேன். எம்.சி. ரோட்டில் புடவை எடுக்கிறவர்களில் சிலர் அப்படியே நடந்து வந்து என்னிடம் ஃபால்ஸுக்கும் ஜாக்கெட்டுக்கும் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைச் சுவரில் ஒரு சின்ன டிவி மாட்டியிருக்கிறேன். அதில் ஏதாவது படம் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தப் பாவத்துக்கு, சனிக்கிழமை மாலையானால் அளவு ஜாக்கெட்டை நீட்டும் கையோடு, “நாளைக்கு வீட்டில் எல்லோரும் உட்கார்ந்து பார்க்க ஒரு படம் சொல்லுங்கள்” என்று கேட்கிறார்கள். படத்தைச் சொன்னால் திங்கட்கிழமை சந்தேகத்தோடு திரும்பி வருகிறார்கள்.

ஒரே பதிலை வாயில் ஊசியைக் கவ்விக்கொண்டு எத்தனை முறை சொல்வது? அதனால் எழுதிவைத்துவிட்டேன். கேட்டவர்கள் பேட்டைப் பேச்சில் கேட்டார்கள். நான் கொஞ்சம் இஸ்திரி போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அக்கா, நீங்கள் சினிமா பற்றிப் படித்தவரா? எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

படித்தது பத்தாவது வரை. சினிமா பற்றிப் படிக்கவில்லை, பார்க்கிறேன். மாதத்துக்கு நான்கைந்து படம். அதிலும் பாதியைத் தைத்துக்கொண்டே பார்ப்பதால் மிஷின் சத்தத்தில் வசனம் சரியாகக் காதில் விழாது. அதிலும் ஒரு லாபம் இருக்கிறது. வசனம் கேட்காமலே சிரிப்பு வந்துவிட்டால் அது நடிகர் சம்பாதித்த சிரிப்பு. நாகேஷ் படத்தைச் சத்தத்தை அடைத்துவிட்டுப் பாருங்கள், தெரியும்.

‘வேறு மாதிரியான குடும்பப் படம்’ என்கிறீர்களே, அப்படியென்றால் விருதுப் படமா?

விருது வாங்கியதும் உண்டு, வாங்காததும் உண்டு. நான் சொல்வது, ஒரு சின்னச் சிக்கலை மட்டும் பிடித்துக்கொண்டு கடைசிவரை போகிற படங்களை. 2023-இல் வந்த ‘குட் நைட்’ படத்தில் நாயகனுக்குக் குறட்டைதான் பிரச்சினை. புதிதாகக் கல்யாணமானவன் பெண்டாட்டி பக்கத்தில் நிம்மதியாகத் தூங்க முடியவில்லை. இவ்வளவுதான் கதை. 2014-இல் வந்த ‘பண்ணையாரும் பத்மினியும்’ படத்தில் ஒரு பழைய காரும் அதன்மேல் ஆசை வைத்த வயதான கணவன் மனைவியும். 2012-இல் வந்த ‘நடுவுல கொஞ்சம் பக்கத்த காணோம்’ படத்தில் கிரிக்கெட் ஆடும்போது அடிபட்டு, தனக்குக் கல்யாணம் என்பதையே மாப்பிள்ளை மறந்துபோகிறான். உண்மையில் ஒருவருக்கு நடந்ததாம். அந்த ஒருவர் அந்தப் படத்துக்கே ஒளிப்பதிவு செய்தவர்!

கார் பறக்காது, நாயகன் வருவதற்குப் பட்டாசு வெடிக்காது. பெரிய படம் பிடிக்காதவளா என்றால், அதுவும் இல்லை. பொங்கலுக்கு நானும் போய் விசில் கேட்டுவிட்டு வருகிறவள்தான்.

முதல் இருபது நிமிடத்திலேயே ‘தேறும், தேறாது’ என்று சொல்லிவிடுகிறீர்களே, எப்படி?

படத்தில் இருப்பவர்களுக்கு விலைவாசி தெரிகிறதா என்று பார்ப்பேன். வீட்டு வாடகை என்ன, அதை யார் கொடுக்கிறார்கள், மாதக் கடைசியில் வீட்டில் என்ன நடக்கிறது என்பது எடுத்தவருக்குத் தெரிந்திருந்தால் படம் பெரும்பாலும் தேறிவிடும். குடும்பத்தில் நடக்கும் சிரிப்பும் சண்டையும் முக்கால்வாசி காசில்தான் தொடங்குகின்றன. வேலைக்கே போகாத நாயகன் தினமும் புதுச்சட்டை போட்டுக்கொண்டு அம்மாவிடம் கொஞ்சிக்கொண்டிருந்தால் அந்த வீட்டை நான் நம்பமாட்டேன். நம்பாத வீட்டில் என்ன சிரிப்பு வரும்?

2015-இல் திரைக்கு வந்த ‘காக்கா முட்டை’யை எடுத்துக்கொள்ளுங்கள். குடிசையில் இருக்கும் இரண்டு பையன்களுக்குப் பீட்சா சாப்பிட ஆசை. விலை ஏறக்குறைய 300 ரூபாய். தண்டவாளத்தோரம் நிலக்கரி பொறுக்கி விற்றுச் சேர்க்கிறார்கள். அந்தத் தொகை நம் மண்டையில் உட்கார்ந்துவிடுவதால், அவர்கள் கையில் சேரும் ஒவ்வொரு பத்து ரூபாயும் நம்முடையதாகிவிடுகிறது. அந்த ஆண்டு சிறந்த குழந்தைகள் படத்துக்கான தேசிய விருதும், இரண்டு பையன்களுக்கும் குழந்தை நட்சத்திர விருதும் கிடைத்தன.

இந்தப் படம் கடையில் ஓடிக்கொண்டிருந்தபோது ஓர் அம்மாவுக்குக் கைச் சுற்றளவு எடுத்துக்கொண்டிருந்தேன். ஆயா தோசை மாவை ஊற்றி, மேலே காய்கறியைப் பரப்பி, இதுதான் பீட்சா என்று பேரன்களுக்குக் கொடுக்கிற இடம். அந்த அம்மா தூக்கிய கையை இறக்கவே இல்லை. டேப்பைச் சுற்றியபடி நானும் நின்றுவிட்டேன். இருவரும் சிரித்தோம். பிறகு அவர், “என் பிள்ளை நூடுல்ஸ் கேட்டபோது நான் சேமியாவில் செய்து ஏமாற்றினேன்” என்றார். அன்றைக்கு எடுத்த அளவு தப்பு. ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்தேன்.

‘யு’ சான்றிதழ் என்று நம்பித்தான் உட்கார்ந்தோம். பிள்ளைகள் முன்னால் நெளியும்படி ஆகிவிட்டதே?

சான்றிதழ் ஓரளவுக்குத்தான் காப்பாற்றும். ‘யு’ என்றால் எல்லோரும் பார்க்கலாம், ‘ஏ’ என்றால் பெரியவர்கள் மட்டும். நடுவில் இருக்கும் ‘யுஏ’வை 2024 விதிகளில் 7, 13, 16 வயது என்று மூன்றாகப் பிரித்திருக்கிறார்கள். ஏழு வயதுப் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது உண்மையிலேயே உதவும். போஸ்டரில் எழுத்து பொடியாகத்தான் இருக்கும், கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பாருங்கள்.

ஆனால் இரட்டை அர்த்தத்தில் பேசினால் சின்னப் பிள்ளைக்கு முதல் அர்த்தம் மட்டும் புரியும், பதினான்கு வயதுப் பிள்ளைக்கு இரண்டும் புரியும், பக்கத்தில் இருக்கும் மாமனாருக்கு இரண்டாவது மட்டும் புரியும். இதற்கு எந்தச் சான்றிதழும் கிடையாது. புதுப் படம் என்றால் வீட்டில் ஒருவர் முதல் அரைமணி நேரத்தைத் தனியாகப் பார்த்துவிடுங்கள். என் வீட்டில் அந்த வேலை என்னுடையது.

ரொம்ப மெதுவாகப் போகிறதே, தூக்கம் வருகிறதே?

வந்தால் தூங்குங்கள். சில படம் உண்மையிலேயே இழுவை. ஆனால் கையில் கைபேசியை வைத்துத் தள்ளிக்கொண்டே பார்த்தால் எந்தப் படமும் மெதுவாகத்தான் போகும்.

பழைய கறுப்பு வெள்ளைப் படம் போட்டால் பிள்ளைகள் எழுந்து ஓடுகிறார்கள். என்ன செய்வது?

முழுப் படத்தைப் போடாதீர்கள். ஒரு காட்சியைப் போடுங்கள். நான் போடுவது 1964-இல் ஸ்ரீதர் எடுத்த ‘காதலிக்க நேரமில்லை’. அது வண்ணப் படம் என்பதால் ஓடும் கூட்டத்தில் பாதியை முதலிலேயே பிடித்துவிடலாம். படம் எடுக்கத் துடிக்கும் மகன் நாகேஷ், காசு வைத்திருக்கும் அப்பா பாலையாவுக்குப் பேய்க் கதை சொல்லும் இடம். நாகேஷ் கதவு திறக்கும் சத்தம் வரை வாயாலேயே செய்வார். ஆனால் நீங்கள் பாலையாவின் முகத்தை மட்டும் பாருங்கள். என் சின்னவள் முதலில் கதைக்குப் பயந்தாள், இரண்டாவது முறை பாலையாவைப் பார்த்துச் சிரித்தாள், மூன்றாவது முறை முழுப் படத்தையும் கேட்டாள். அப்பாவிடம் காசு கறக்கத்தான் மகன் இந்தப் பாடு படுகிறான் என்பதையும் கவனியுங்கள். நான் மேலே சொன்ன விலைவாசிக் கணக்கு அன்றைக்கே இருக்கிறது. 1972-இல் சித்ராலயா கோபு எடுத்த ‘காசேதான் கடவுளடா’ இன்னும் ஒருபடி மேல். கணக்கைத் தலைப்பிலேயே போட்டுவிட்டார்கள்.

கறுப்பு வெள்ளையில்தான் வேண்டும் என்றால் 1941-இல் வந்த ‘சபாபதி’. முட்டாள் எஜமானும் அவனைவிட முட்டாளான வேலைக்காரனும், இரண்டு பேருக்கும் ஒரே பெயர். இதன் மூல நாடகத்தை எழுதிய பம்மல் சம்பந்த முதலியார் நம் பக்கத்துக்காரர். ஜார்ஜ் டவுன் ஆச்சாரப்பன் தெருவில் பிறந்தவர், 1891-இல் சுகுண விலாச சபை என்ற நாடக சபையைத் தொடங்கியவர். நகைச்சுவை என்றால் மயிலாப்பூர் சபாக்கள்தான் என்று யாராவது சொன்னால், முதலில் ஜார்ஜ் டவுனுக்கு வந்துவிட்டுப் போங்கள் என்று சொல்லலாம்.

வடசென்னை என்றாலே வெட்டுக்குத்துதானா? நம் பக்கத்துக் குடும்பக் கதையே கிடையாதா?

இந்தக் கேள்வியைக் கேட்கிறவர்கள் பெரும்பாலும் பெண் பிள்ளையைப் பெற்றவர்கள். வெளியூரிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் பேசும்போது “வண்ணாரப்பேட்டையா?” என்று இழுப்பார்கள். அந்த இழுப்பில் பத்துப் படத்தின் அரிவாள் இருக்கும். கோபம் எனக்கும் உண்டு. இங்கே காலை ஐந்து மணிக்குக் காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து, ஏழு மணிக்குள் கூடையோடு தெருத்தெருவாகப் போய், மதியம் பிள்ளையின் பள்ளிக் கட்டணத்துக்காகச் சீட்டு எடுக்கும் பெண்கள் என் வாடிக்கையாளர்கள். இவர்கள் ஒருநாள் பேச்சை அப்படியே எழுதினாலே இரண்டரை மணி நேரம் சிரிக்கலாம். இதை எடுக்க ஏன் ஆள் வரவில்லை?

நியாயமாகவும் பேச வேண்டும். 2014-இல் வந்த ‘மெட்ராஸ்’ வியாசர்பாடிப் பக்கத்துக் கதை. ஒரு சுவருக்காக நடக்கும் அரசியலும் கொலையும்தான் அதில் பெரிது. ஆனால் நாயகனின் வீட்டுக்குள் அம்மாவும் பாட்டியும் கல்யாணப் பேச்சு பேசும் இடங்களைத் தனியாக வெட்டி எடுத்தால் அது ஒரு நல்ல குடும்பப் படம். 2019-இல் ஹலிதா ஷமீம் எடுத்த ‘சில்லுக் கருப்பட்டி’ நான்கு தனித்தனிக் கதைகள். முதல் கதையின் நாயகன் குப்பை பொறுக்கும் ஒரு பையன். பணக்கார வீட்டுப் பெண் பிள்ளை தூக்கிப் போடும் பையில் கிடைப்பதை வைத்தே அவளைத் தெரிந்துகொள்கிறான். குப்பைமேடு இருக்கும் கொடுங்கையூர்ப் பக்கம் குடியிருக்கும் என் உதவியாளர் பெண் அதைப் பார்த்துவிட்டு, “குப்பையில் நல்ல பொருள் கிடைத்தால் நாங்களும் அப்படித்தான் மறைத்து வைப்போம்” என்று சிரித்தாள். அழுவாள் என்று நான் நினைத்திருந்தேன்.

நம் பேச்சைக் கேட்டால் ஊரே சிரிக்கிறது. நாமும் சேர்ந்து சிரிக்கலாமா?

இது பழைய கதை. 1958-இல் ‘சபாஷ் மீனா’வில் சந்திரபாபு ரிக்ஷாக்காரராக வந்து மெட்ராஸ் பாஷை பேசினார். அவர் தூத்துக்குடிக்காரர். 1968-இல் ‘பொம்மலாட்டம்’ படத்தில் மனோரமா இந்தப் பேச்சிலேயே பாடினார். பிறகு லூஸ் மோகன் அதையே தன் தொழிலாக்கிக்கொண்டார். இவர்கள் எல்லோரையும் எனக்குப் பிடிக்கும். காதுக்கு இனிமையாகப் பேசுவார்கள். இந்தப் பேச்சு தானாக முளைத்தது இல்லை. நைனா தெலுங்கிலிருந்து வந்தது, நாஸ்தாவும் பேஜாரும் உருதுக்காரர்களிடமிருந்து வந்தவை. துறைமுகத்து ஊரில் நான்கு மொழிக்காரர்கள் ஒன்றாக மூட்டை தூக்கினால் பேச்சு இப்படித்தான் ஆகும்.

நான் வைத்திருக்கும் அளவு ஒன்றுதான். அந்தப் பேச்சைப் பேசுகிறவர் படத்தில் யாரையாவது வாதத்தில் ஜெயிக்கிறாரா? ஜெயித்தால் நாம் அவரோடு சேர்ந்து சிரிக்கிறோம். வாயைத் திறந்ததுமே மற்றவர்கள் சிரிப்பதற்காக மட்டும் அவரை வைத்திருந்தால் எனக்குச் சிரிப்பு வராது, டிவியை அணைத்துவிட்டுக் காஜா எடுக்கப் போய்விடுவேன். என் அப்பா துறைமுகத்தில் வேலை பார்த்தவர். இந்தப் பேச்சில்தான் எங்களைக் கொஞ்சினார், இந்தப் பேச்சில்தான் கந்துவட்டிக்காரனை வாசலோடு திருப்பி அனுப்பினார். குண்டு, கறுப்பு, சொட்டை என்று கேலி செய்யும் படங்களுக்கும் இதே அளவுதான்.

கடைசியில் அழ வைத்துவிடுகிறார்கள். பிறகு எப்படி அது நகைச்சுவைப் படம்?

துக்க வீட்டில் யாரும் சிரித்து நீங்கள் பார்த்ததில்லையா? எங்கள் தெருவில் சாவு வீட்டுத் திண்ணையில்தான் நல்ல சிரிப்புக் கதைகள் நடக்கும். 2017-இல் வந்த ‘ஒரு கிடாயின் கருணை மனு’வைப் பாருங்கள். புதுமணத் தம்பதியோடு ஊரே லாரியில் ஏறிக் குலதெய்வத்துக்குக் கிடா வெட்டப் போகிறது. வழியில் விபத்து, ஓர் ஆள் செத்துப்போகிறான். அதன்பிறகு அந்த லாரிக் கூட்டம் பேசும் பேச்சு முழுவதும் சிரிப்பு. ஆனால் சிரித்துக்கொண்டே நமக்குத் தொண்டை அடைக்கும். ‘காக்கா முட்டை’யிலும் இதேதான். சிரிக்க மட்டும்தான் வேண்டும் என்றால் அவற்றை ஞாயிற்றுக்கிழமைக்கு வைக்காதீர்கள், மறுநாள் வேலைக்குப் போக மனது வராது. மேலே சொன்ன பழைய படங்களைப் போடுங்கள்.

எல்லோரும் ஆகா ஓகோ என்கிறார்கள், எனக்குச் சிரிப்பே வரவில்லை. எனக்குத்தான் ரசனை இல்லையா?

சிரிப்பு வரவில்லை என்றால் வரவில்லை. அடுத்தவர் அளவு ஜாக்கெட் உங்களுக்கு எப்படிப் பொருந்தும்?

தியேட்டருக்குப் போகலாமா, ஓடிடியில் வரட்டும் என்று இருந்துவிடலாமா?

நான்கு பேர் போனால் டிக்கெட், ஆட்டோ, இடைவேளைப் பாப்கார்ன் என்று ஆயிரம் ரூபாய் போய்விடுகிறது. பெரும்பாலான படங்கள் நான்கு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகின்றன. அதனால் காத்திருக்கலாம் என்றுதான் கை சொல்கிறது. ஆனால் நகைச்சுவைப் படத்துக்குக் கூட்டம் வேண்டும். வீட்டில் புன்னகைக்கிற அதே இடத்தில் தியேட்டரில் வயிறு வலிக்கச் சிரிப்போம். பக்கத்து சீட் அம்மா நமக்கு முன்னால் சிரித்துவிடுவதால் வரும் சிரிப்பு அது.

தண்டையார்பேட்டை அகஸ்தியா தியேட்டர் 2020-இல் மூடியதிலிருந்து எனக்கு இதில் ஒரு குறை. நடந்து போய், நைட்டி மேல் துப்பட்டாவைப் போட்டுக்கொண்டு படம் பார்த்துவிட்டு வந்த காலம் அது. இப்போது வண்ணாரப்பேட்டையில் மெட்ரோ ஏறி அரசினர் தோட்டத்தில் இறங்கி அண்ணா சாலைக்குப் போகிறோம். 2019-இலிருந்து அந்த வசதி இருக்கிறது. மெட்ரோவில் போவதென்றால் நல்ல புடவை கட்ட வேண்டும், அது எனக்கு வியாபாரம். என்றாலும் அகஸ்தியாவுக்கு ஈடாகாது.

நீங்கள் சொல்லித் தப்பாய்ப் போன படம் உண்டா?

உண்டு. பெயர் சொல்லமாட்டேன். முன்னோட்டத்தில் ஒரு தாத்தாவும் பேத்தியும் ஸ்கூட்டரில் போவதை மட்டும் பார்த்துவிட்டு மூன்று குடும்பங்களை அனுப்பிவைத்தேன். தாத்தா வரும் காட்சி மொத்தம் அவ்வளவுதானாம். மீதி முழுவதும் குடியும் கூச்சலும். அவர்களில் ஒரு வாடிக்கையாளர் இரண்டு மாதம் வேறு கடையில் தைத்தார். பிறகு அங்கே கழுத்தை இறக்கி வெட்டிவிட்டார்கள் என்று என்னிடமே திரும்பி வந்தார்.

தேர்தல், சாதி எல்லாம் வரும் படத்தைக் குடும்பத்தோடு பார்த்தால் வீட்டில் சண்டை வராதா?

வந்தால் என்ன? 2021-இல் ‘மண்டேலா’ முதலில் டிவியில்தான் வந்தது, ஏப்ரல் 4-ஆம் தேதி. சட்டமன்றத் தேர்தலுக்கு இரண்டே நாள் இருந்தது. ஊரில் ஒழுங்கான பெயர் கூட இல்லாத முடிதிருத்துபவர், சேர்த்த காசைத் தபால் நிலையத்தில் போட ஆசைப்படுகிறார். கணக்குத் தொடங்க அடையாள அட்டை வேண்டும், அட்டைக்குப் பெயர் வேண்டும். பெயர் வந்ததும் ஓட்டு வருகிறது. இரண்டு சாதிக்கும் சரிபாதி பிரிந்து கிடக்கும் ஊரில் அந்த ஒற்றை ஓட்டுதான் முடிவு செய்யப் போகிறது. இத்தனை பெரிய விஷயம் ஒரு சேமிப்புக் கணக்கில் தொடங்குகிறது பாருங்கள்! எங்கள் வீட்டில் அன்றைக்குச் சண்டை வந்தது உண்மை. யாருக்கு ஓட்டு என்று என் கணவர் அதட்டிக் கேட்டார். நான் கடைசிவரை சொல்லவில்லை.

மாமியாரோடு உட்கார்ந்து மாமியார் மருமகள் படம் பார்க்கலாமா?

இதை மெதுவான குரலில்தான் கேட்பார்கள். பார்க்கலாம், ஆனால் படத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். மருமகளை அழவைத்துக் கடைசியில் காலில் விழவைக்கும் படம் வேண்டாம். அதில் யார் விழுந்தாலும் அன்றைய இரவுச் சாப்பாடு ருசிக்காது.

நான் போட்டது 1986-இல் விசு எடுத்த ‘சம்சாரம் அது மின்சாரம்’. சிறந்த ஜனரஞ்சகப் படம் என்று தேசிய விருது வாங்கியது. சம்பாதிக்கும் மூத்த மகன் ரகுவரன் குடும்பத்துக்குக் கொடுக்கும் பணத்துக்குக் கணக்குப் பார்க்கிறான். பேச்சு முற்றி, அப்பா வீட்டின் நடுவே கோடு போட்டுப் பிரித்துவிடுகிறார். மனோரமா வந்து அந்த இறுக்கத்தை உடைக்கும் வரை நம்மால் மூச்சுவிட முடியாது. முடிவில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒரே வீட்டில் வாழ்வார்கள் என்று நினைத்தால் மூத்த மருமகள் லட்சுமி வேறு முடிவு சொல்கிறார். தள்ளி இருந்துகொண்டு, பிரியத்தோடு வந்துபோய் இருக்கலாம் என்கிறார். அந்தக் காலத்தில் ஒரு குடும்பப் படம் இப்படி முடிந்தது பெரிய துணிச்சல்.

என் மாமியார் அந்தக் கோடு போடும் காட்சியில் ஒன்றும் பேசவில்லை. நானும் பேசவில்லை. மறுநாள் காலை பார்த்தால், பொதுவாக அலமாரி டப்பாவில் கிடக்கும் பால் காசில் தன் பங்கைத் தனியாக எண்ணி டிவி மேல் வைத்திருந்தார். நான் அதைத் தொடவில்லை. என் காசிலேயே பால் வாங்கினேன். இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் அவர் என்னிடம், “அந்த மனோரமா படம் இன்னொரு தடவை போடு” என்றார். போட்டேன். அன்று சாயங்காலம் காசு மறுபடி டப்பாவுக்குள் கிடந்தது. எண்ணிப் பார்த்தேன், பத்து ரூபாய் கூடுதலாக இருந்தது.